இஎஸ்ஜி விதிகள்: பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் சின்ன, நடுத்தர யூனிட் நடத்துபவர்களை மனதில் வைத்து இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். சரக்கு வாங்கும் கம்பெனியிடமிருந்து, அதாவது பயரிடமிருந்து, பத்துப் பதினைந்து பக்கக் கேள்வித்தாள் வருகிறது. கரண்ட், தண்ணீர், கார்பன், ஓவர்டைம், புகார்க் குழு என்று அதில் எல்லாமே இருக்கிறது. யார் கேட்கிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இஎஸ்ஜி என்றால் என்ன?

சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்ற மூன்றிலும் ஒரு கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்பதை எண்களாகவும் ஆவணங்களாகவும் வெளியே சொல்வது. லாப நட்டக் கணக்கில் வராத விஷயங்கள்தான் இதில் வரும். எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், எத்தனை பேருக்கு வேலையில் காயம் பட்டது, சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் கொடுத்தீர்கள், இந்த மாதிரி.

இந்தியாவில் இது யாருக்குக் கட்டாயம்?

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் சந்தை மதிப்பின்படி முதல் 1000 இடங்களில் இருப்பவற்றுக்கு. பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி 2012-ல் முதல் 100 கம்பெனிகளுக்கு ஒரு பொறுப்பு அறிக்கையைக் கொண்டுவந்தது. பிறகு அது 500 ஆகி, 1000 ஆனது. 2021 மே மாதம் அதை மாற்றி, எண்கள் அதிகம் கேட்கும் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையை அறிவித்தார்கள். 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம்.

கம்பெனி தானே எழுதித் தானே வெளியிடும் அறிக்கையை யார் நம்புவது என்ற கேள்வி எழுந்தது. அதனால் 2023 ஜூலையில் பிஆர்எஸ்ஆர் கோர் வந்தது. பசுமைக்குடில் வாயு, தண்ணீர், மின்சாரம், கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு, பெண்களின் பங்கு என்று ஒன்பது தலைப்புகளில் உள்ள எண்களை வெளியாள் ஒருவர் சரிபார்க்க வேண்டும். 2023-24-ல் முதல் 150 கம்பெனிகளில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2026-27-ல் 1000 கம்பெனிகளையும் எட்டும் என்பது திட்டம்.

நாங்கள் பட்டியலிட்ட கம்பெனி இல்லை. எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் உங்களிடம் சரக்கு வாங்குகிறவர் பட்டியலில் இருக்கலாம். முதல் 250 கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களின் விவரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று 2023-ல் செபி சொன்னது. கொள்முதலில் 75 சதவீதம் வரைக்கும் உள்ள எல்லா சப்ளையரையும் கணக்கில் எடுக்க வேண்டியிருந்ததால், மிகச் சின்ன யூனிட்டுகளும் அதற்குள் வந்தன. எதிர்ப்பு வந்தது. 2025 மார்ச்சில் செபி அதைத் தளர்த்தியது. இப்போது ஒரு சப்ளையர் தனியாகவே 2 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் கணக்கில் வருவார். அதுவும் தன்னார்வமாகத்தான்.

எனவே உள்நாட்டு விதியைப் பார்த்து இப்போதைக்குப் பதற வேண்டியதில்லை. உங்களிடம் வரும் கேள்வித்தாள்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருபவை.

ஐரோப்பாவே விதிகளைத் தளர்த்திவிட்டதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான், நிறையவே தளர்த்திவிட்டார்கள். அங்கே இரண்டு பெரிய சட்டங்கள் உண்டு. அறிக்கை கொடுக்கச் சொல்வது சிஎஸ்ஆர்டி, 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சப்ளை செயினில் நடக்கும் கேடுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்வது சிஎஸ்டிடிடி, 2024 ஜூலையில் வந்தது. பல்லாயிரம் கம்பெனிகள் இவற்றுக்குள் வருவதாக இருந்தது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையமே இரண்டையும் சுருக்கச் சொல்லி ஒரு முன்மொழிவை வைத்தது. டிசம்பரில் உடன்பாடு ஆனது. அதன்படி 1000 பேருக்கு மேல் வேலை செய்து, 45 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதலும் இருந்தால்தான் சிஎஸ்ஆர்டி. 5000 பேரும் 150 கோடி யூரோவும் தாண்டினால்தான் சிஎஸ்டிடிடி, அதுவும் 2029 ஜூலையிலிருந்து.

இந்தத் தளர்வில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது, அது இங்கே பலருக்குத் தெரியவில்லை. சிஎஸ்ஆர்டி அறிக்கைக்காக விவரம் கேட்கும்போது, 1000 பேருக்கு மேல் ஆள் இல்லாத சப்ளையரிடம் சின்ன கம்பெனிகளுக்கான தன்னார்வ அறிக்கைத் தரத்தில் உள்ளதற்கு மேல் கேட்டால், தர மறுக்க அந்த சப்ளையருக்கு உரிமை உண்டு. ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் நேரடியாக மறுக்கமாட்டார்கள் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் 'இது சட்டத்துக்காகக் கேட்பதா, உங்கள் கம்பெனிக் கொள்கைக்காகக் கேட்பதா' என்று பணிவாக ஒரு மெயில் போடலாம். பதிலைப் பொறுத்துக் கேள்விகள் குறையக்கூடும்.

தளர்த்தியும் பயர் ஏன் கேள்வியைக் குறைக்கவில்லை?

மற்ற சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கட்டாய உழைப்பில் உருவான பொருளை ஐரோப்பியச் சந்தையில் தடுக்கும் சட்டம் 2027 டிசம்பர் 14 முதல் அமலாகும். அதில் கம்பெனி பெரியதா சின்னதா என்ற பேச்சே இல்லை, பார்ப்பது பொருளைத்தான். ஜெர்மனியில் சப்ளை செயின் சட்டம் 2023 முதல் இருக்கிறது. பிரான்சில் அதற்கும் முன்பே, 2017-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022 ஜூன் முதல், சீனாவின் சின்ஜியாங் பகுதியோடு தொடர்புள்ள பஞ்சு கலந்த துணி கட்டாய உழைப்பில் வந்தது என்றே முதலில் வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவரின் வேலை. அதனால்தான் நூல் எந்த மில், பஞ்சு எந்த ஊர் என்று பில்லோடு கேட்கிறார்கள்.

துணிக்கென்றே வரப்போவது டிஜிட்டல் பாஸ்போர்ட். 2024-ல் வந்த ஈகோடிசைன் சட்டத்தில், முதலில் கவனிக்க வேண்டிய பொருள்களில் ஒன்றாக ஆடைகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு டி-ஷர்ட்டில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்தால் அது எதனால் ஆனது என்பது போன்ற விவரங்கள் தெரிய வேண்டும் என்பது நோக்கம். அந்த விவரத்தைக் கொடுக்க வேண்டியது நீங்களும் உங்கள் டையிங் யூனிட்டும்தான்.

கார்பன் வரி பின்னலாடைக்கு உண்டா?

இல்லை. 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலான ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் இவற்றுக்கு மட்டும்தான். இந்தியாவின் கார்பன் சந்தைத் திட்டத்தில் ஜவுளித் துறை இருக்கிறது. ஆனால் அது அதிக ஆற்றல் செலவழிக்கும் பெரிய ஆலைகளுக்கானது, தையல் யூனிட்டுக்கு வராது.

கார்பன் கணக்கை ஆள் வைத்துத்தான் போட வேண்டுமா?

தையல் யூனிட் என்றால் வேண்டாம், நீங்களே போடலாம். பாய்லர், ஜெனரேட்டர், வண்டி என்று நீங்களே எரிப்பது ஸ்கோப் 1. வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. நூல், துணி, டையிங், லாரி என்று மற்றவர்கள் வழியாக வருவது ஸ்கோப் 3. உங்களுடைய முதல் இரண்டும் பயருடைய ஸ்கோப் 3-க்குள் போகின்றன. அவர் கேட்பதற்குக் காரணமே அதுதான்.

ஒரு கணக்கு பார்ப்போம். மாதம் 10,000 யூனிட் கரண்ட் என்றால் வருடத்துக்கு 1,20,000 யூனிட். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குப்படி, இந்திய மின்கட்டமைப்பில் (கிரிட்) ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.73 கிலோ கரியமில வாயு. பெருக்கினால் ஏறத்தாழ 87 டன் வரும். ஜெனரேட்டருக்கு மாதம் 100 லிட்டர் டீசல் என்றால், லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ வீதம் வருடத்துக்கு 3 டன் சொச்சம். இதோடு அயர்னிங் பாய்லரின் கேஸையோ விறகையோ சேர்த்துக்கொள்ளுங்கள். விறகைத் தனி வரியில் காட்ட வேண்டும். இதற்கு ஒரு எக்செல் தாளும் இபி பில்லும் டீசல் பில்லும் போதும்.

காற்றாலை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சொந்தக் காற்றாலைக் கரண்டைக் கழித்த எண், கழிக்காத எண் இரண்டையும் கொடுங்கள். அந்தக் கரண்டுக்கான பசுமைச் சான்றை வேறு யாருக்காவது விற்றிருந்தால், அதைக் கழிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

சாயப்பட்டறைகள் கழிவுநீரை வெளியே விடாத பூஜ்யக் கழிவு முறைக்கு மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தண்ணீர் விஷயத்தில் இன்னும் என்ன கேட்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இஎஸ்ஜி என்ற பெயர் இங்கே வருவதற்கு வெகு முன்பே திருப்பூர் இதற்கு விலை கொடுத்துவிட்டது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது. 1992-ல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகளில் உப்பேறியது, வயல்கள் போயின. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2009-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போதும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. வேலை போனவர்கள், கடனில் மூழ்கியவர்கள் என்று ஊரே தள்ளாடியது.

அதன்பிறகுதான் சவ்வூடு பரவல், ஆவியாக்கி எல்லாம் முறையாக வந்தன. தண்ணீரின் பெரும்பகுதியும் உப்புக் கரைசலும் திரும்பப் பயன்பாட்டுக்கு வருகின்றன. இந்த அளவில் இதைச் செய்துகாட்டிய சாயத்தொழில் நகரங்கள் உலகத்தில் மிகக் குறைவு. இதைப் பெருமையோடு சொல்லலாம், கேள்வித்தாளில் முதல் பத்தியாகவே எழுதலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறைக்கக்கூடாது. ஒன்று, கடைசியில் மிஞ்சும் கலவை உப்பு. அதைப் பயன்படுத்தவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை, கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு, தண்ணீரை ஆவியாக்கி மீட்க நிறைய எரிபொருளும் கரண்டும் வேண்டும். அதனால் கார்பன் எண் ஏறும். சுத்திகரித்த தண்ணீரை ஆற்றிலோ கடலிலோ விடும் வேறொரு நாட்டுப் பட்டறையோடு கிலோவுக்கு இவ்வளவு கார்பன் என்று ஒப்பிட்டால், திருப்பூர் மோசமாகத் தெரியும். இது அநியாயம். கார்பன் எண் கேட்கும் இடத்திலேயே தண்ணீர் மீட்பு விவரத்தையும் சேர்த்து எழுதுங்கள். இதற்கென்று தனிக் கட்டம் இல்லாவிட்டால் குறிப்பாக எழுதுங்கள். நம் சங்கங்கள் பிராண்டுகளிடம் கூட்டாகப் பேச வேண்டிய விஷயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தொழிலாளர் பகுதியில் எதைப் பார்க்கிறார்கள்?

ஹாஸ்டல் பற்றி ஏன் இவ்வளவு கேள்வி என்று பலர் எரிச்சலோடு கேட்கிறார்கள். காரணம் சுமங்கலித் திட்டம். நம் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்த்து, ஹாஸ்டலுக்குள் அடைத்து வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். 2011-லும் 2014-லும் ஐரோப்பிய அமைப்புகள் இதை ஆய்வறிக்கைகளாக வெளியிட்டன. பல பிள்ளைகளுக்குப் பேசிய தொகை கைக்குப் போகவே இல்லை. அந்தக் கறை இன்னும் அழியவில்லை, நாமும் அதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஒரு தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கமான டிடிசியூ, ஆடை உற்பத்தி நிறுவனம், உலக பிராண்டுகள் எல்லாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. தளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கே கண்காணிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்க முடியாது. பிராண்டும் கையெழுத்துப் போட்டிருப்பதால் பொறுப்பு அதற்கும் உண்டு. வருடத்துக்கு ஒருநாள் வந்து போகும் ஆடிட்டரைவிட இந்த வழி பல மடங்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வித்தாளில் உள்ள மற்றவை பெரும்பாலும் நம் நாட்டுச் சட்டமே. 10 பேர் இருந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு 2013 சட்டப்படி கட்டாயம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம். பிஎஃப், இஎஸ்ஐ. 2025 நவம்பர் 21 முதல் அமலான புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாருக்கும் நியமனக் கடிதம். பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள் என்றால் இன்னொரு கேள்வி சேரும்: வேலைக்கு வருவதற்கு ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அது கடனாக அவர் கழுத்தில் நிற்கும். அதைக் கட்டாய உழைப்பின் அடையாளமாகத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம், இரட்டைப் பதிவேடு. ஆடிட்டுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓவர்டைம் அதிகம் என்று உண்மையைச் சொன்னால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்க வாய்ப்பு உண்டு. பொய்ப் பதிவேடு பிடிபட்டால் ஆர்டர் போய்விடும்.

சான்றிதழ்கள் இருக்கின்றன. அது போதாதா?

போதாது. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தீவிபத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் அதற்கு எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்று கிடைத்திருந்தது. அடுத்த ஆண்டே டாக்காவில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐரோப்பிய அரசுகள் சான்றிதழை மட்டும் நம்பாமல் சட்டம் போடத் தொடங்கியதற்கு இந்த மரணங்கள் முக்கியக் காரணம்.

'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'ஆர்கானிக்' என்று டேக் போடலாமா?

ஆதாரம் இருந்தால் போடலாம். ஆதாரம் இல்லாத பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2026 செப்டம்பர் 27 முதல், நிரூபணம் இல்லாத பொதுப்படையான பசுமைச் சொற்களுக்குத் தடை. ஆர்கானிக் விஷயத்தில் இந்தியாவின் பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கிறது. 2020-ல், ஆர்கானிக் துணிக்கான சான்றுத் தரத்தை நடத்தும் ஜிஓடிஎஸ் அமைப்பு இங்கே 20,000 டன் பஞ்சுக்குப் போலி ஆவணங்கள் இருந்ததைக் கண்டுபிடித்தது. நூல் வாங்கும்போதே பரிவர்த்தனைச் சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நிர்வாகம் என்ற பகுதி எங்களைப் போன்ற குடும்பக் கம்பெனிக்கு எதற்கு?

பெரிய கம்பெனிகளுக்கு அது போர்டு, தனி இயக்குநர்கள், தணிக்கை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் கணக்கு மோசடி 2009-ல் வெளியானதும் 2013 கம்பெனிகள் சட்டத்தில் அவற்றை இறுக்கினார்கள். உங்களுக்கு அது லஞ்சம் கொடுக்காமல் இருப்பது, ஜாப் ஒர்க் யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பட்டியல், சரியான பில். பயருக்குத் தெரியாமல் வேறு யூனிட்டுக்கு வேலையைத் தள்ளுவதுதான் இங்கே பெரிய பிரச்சினை. ரானா பிளாசாவில் தங்கள் துணி தைக்கப்பட்டதே தெரியாது என்று சொன்ன பிராண்டுகள் உண்டு. அதனால்தான் அவ்வளவு கேட்கிறார்கள்.

இதற்கெல்லாம் செலவு யார் கொடுப்பது?

இப்போது நீங்கள்தான் கொடுக்கிறீர்கள், அது சரியல்ல. ஒரு பக்கம் பீஸுக்குச் சில ரூபாய் குறைக்கச் சொல்லி, கடைசி நேரத்தில் அளவு மாற்றி, மறுபக்கம் ஓவர்டைம் ஏன் என்று கேட்பது நேர்மையான வியாபாரம் இல்லை. அவசர ஆர்டர்தான் ஓவர்டைமை உண்டாக்குகிறது என்பது தையல் தளத்தில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும்.

சட்டம் இதை முழுக்க மறந்துவிடவில்லை. சப்ளையரிடம் கையெழுத்து வாங்கினால் மட்டும் கடமை முடிந்துவிடாது, வாங்கும் முறையையும் மாற்ற வேண்டும், தேவைப்பட்டால் சின்ன கம்பெனிகளுக்கு உதவ வேண்டும் என்பது சிஎஸ்டிடிடியில் இருக்கிறது. இங்கே பிஆர்எஸ்ஆர் கோரில், சப்ளையருக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது என்பதும், சிறு குறு நிறுவனங்களிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதும் கட்டாயக் கேள்விகள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் அமலானது. பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காதவர், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்றது அது. விலை பேசும்போது இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அளவீடு, சான்று, சுத்திகரிப்புச் செலவு இவ்வளவு என்று கோட்டேஷனில் தனி வரியாகக் காட்டுங்கள். ஒரே நாளில் பலன் கிடைக்காது. ஆனால் பத்துக் கம்பெனிகள் அப்படிக் காட்டினால் பயர் பேசித்தான் ஆக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

இபி பில், டீசல் பில், தண்ணீர் லாரி பில், வேஸ்ட் துணி விற்ற ரசீது, இந்த நான்கையும் மாதவாரியாக ஒரே தாளில் ஏற்றுங்கள். பெரும்பாலான கேள்வித்தாள்களின் சுற்றுச்சூழல் பகுதிக்கு இதிலிருந்தே பதில் கிடைக்கும். பிறகு வருகைப் பதிவும் சம்பளப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். புகார்க் குழுவில் இருப்பவர்களின் பெயர் தமிழிலும் இந்தியிலும் சுவரில் இருக்க வேண்டும்.

விடை தெரியாத கேள்விக்கு என்ன எழுதுவது?

'இதுவரை அளக்கவில்லை, இந்த மாதத்திலிருந்து அளக்கிறோம்' என்று எழுதுங்கள். பக்கத்து யூனிட்டின் எண்ணைக் கொஞ்சம் மாற்றி எழுதாதீர்கள். ஒரே ஜாப் ஒர்க் பட்டறையைப் பயன்படுத்தும் பல கம்பெனிகளின் தாள்கள் ஒரே பயரிடம் போகின்றன. அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.